பன்னிரண்டு வருஷ ஏசி: மாற்றுவதா, சரி செய்வதா? (மொட்டைமாடிக்குக் கீழ் உள்ள அறை)

கூடல்நகர் வாசி | 6 ஏப்ரல் 2025, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். வீடு மதுரை கூடல்நகரில். மாடியில் ஒரே படுக்கையறை, 12க்கு 11 அடி. மேற்குச் சுவரில் மதியம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும் வரை வெயில். தலைக்கு மேல் மொட்டைமாடி, சாதாரண சிமெண்ட் தளம், ஓடு எதுவும் பதிக்கவில்லை. 2013ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, ஆர்22 கேஸ்.

2022ல் கேஸ் நிரப்பினோம். 2023லும் நிரப்பினோம். போன வருஷமும் நிரப்பினோம். ஒவ்வொரு தடவையும் மூவாயிரத்துக்கு மேல். இந்த ஏப்ரலில் மறுபடியும் வெறும் காற்றுதான் வருகிறது. வந்து பார்த்தவர், "கேஸ் தீர்ந்துபோச்சு, கம்ப்ரஸரும் வீக், புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மாவுக்கு 74 வயது. ராத்திரி தூக்கமில்லாமல் கீழே ஹாலில் பாயை விரித்துப் படுக்கிறார். கத்திரி தொடங்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

புதுசு வாங்குவதா, இதையே சரி செய்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செல்லூர் ஏசி மெக்கானிக் | 7 ஏப்ரல், காலை 6.50

சார், இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். முதலில் ஒன்று சொல்கிறேன், இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசி கேஸ் "தீர்ந்துபோகாது". அது வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து போகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைப் பார்க்காமல் மூன்று வருஷமாக உங்களுக்கு நிரப்பியிருக்கிறார்கள்.

பெரும்பாலும் ஓட்டை எங்கே தெரியுமா? வெளி யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய் வந்து சேரும், ஒன்று மெல்லிசு, ஒன்று தடிமன். அந்த இரண்டு நட்டிலும், உள் யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நட்டிலும். குழாய் முனையைப் பூ மாதிரி விரித்துத்தான் நட்டு போடுவோம், அதை ஃபிளேர் என்போம். அளவுக்கு மேல் முறுக்கினால் அந்தப் பூவின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். கேஸோடு கொஞ்சம் கம்ப்ரஸர் ஆயிலும் கசியும், அதில் தூசு ஒட்டும். வெளி யூனிட் நட்டைச் சுற்றிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக அழுக்கு படிந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விளக்கெண்ணெய் தொட்ட கை மாதிரி இருக்கும். இருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சோப்புத் தண்ணீரை நுரைக்கக் கலக்கி ஸ்பாஞ்சில் தொட்டு வையுங்கள். இரண்டு நிமிஷம் பொறுங்கள். குமிழ் வந்துகொண்டே இருந்தால் அதுதான் இடம்.

இரண்டாவது, கம்ப்ரஸர் வீக் என்று கேஸே இல்லாதபோது யாராலும் சொல்ல முடியாது. கேஸ் சரியாக இருக்கும்போது அழுத்தம் காட்டும் கேஜும், கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆர்22ல் ஓடும்போது உறிஞ்சும் பக்கம் அழுத்தம் ஏறத்தாழ 60லிருந்து 70 பிஎஸ்ஐ காட்டும்.

பார்த்துவிட்டுச் சொல்லுங்க சார்.

கூடல்நகர் வாசி | 7 ஏப்ரல், மாலை 6.30

அண்ணே, பார்த்துவிட்டேன். தடிமன் குழாய் நட்டைச் சுற்றி நீங்கள் சொன்ன அதே கறுப்பு. சோப்புத் தண்ணீர் வைத்ததும் ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்னக் குமிழ், மெதுவாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தது. மூன்று வருஷமும் வெளி யூனிட் பக்கமே நின்று கேஸ் ஏற்றிவிட்டுப் போனார்கள், ஒருவர்கூட அதை உற்றுப் பார்க்கவில்லை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், வயதானவர் மூன்று கோடையாகப் புழுங்கியதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

திருநகர் டீச்சர் | 7 ஏப்ரல், இரவு 9.05

தம்பி, நட்டைச் சரி செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் அறை மாதிரியேதான் எங்கள் அறையும், மேற்கு வெயிலும் மொட்டைமாடியும். இரண்டு வருஷத்துக்கு முன் பழையதைக் கழற்றிவிட்டுப் புது இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கு ஏற்ப வேகம் கூட்டிக் குறைத்து ஓடுவது), ஐந்து நட்சத்திரம், மாட்டினோம். அந்த மே மாதமே ஏமாந்தோம். 24ல் வைத்தால் இரவு பதினொன்றரை வரை அறை குளிரவில்லை. கம்பெனி ஆள் வந்து பார்த்து மெஷினில் குறை இல்லை என்றார், அது உண்மைதான்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இட்லிச் சட்டி மூடி மாதிரி சுட்டது. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் தாமதித்துத்தான் உள்ளே இறக்குகிறது. நாம் படுக்கும் நேரமும் அது சூட்டை விடும் நேரமும் ஒன்று. ஏசி நம்மைக் குளிர வைக்கவில்லை, கூரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

மறு மாதம் மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்தோம். இப்போது அதே ஏசி அரை மணி நேரத்தில் அறையைக் குளிர வைத்து அடங்கிவிடுகிறது. வரிசையை மாற்றிச் செய்திருந்தால் ஒன்றரை டன்னுக்குப் பதில் ஒரு டன்னே எங்களுக்குப் போதும்.

சிம்மக்கல் பழைய வீடு | 8 ஏப்ரல், காலை 7.20

டீச்சரம்மா சொல்வதுதான் என் கட்சியும்.

எங்களுடையது தாத்தா காலத்து வீடு. நடுவில் முற்றம். சுவர் ஒன்றரை அடிக்கு மேல் கனம், செங்கலும் சுண்ணாம்பும். மேலே தேக்கு உத்திரம், அதன் மேல் செங்கலைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுக் கட்டையால் இடித்து இறுக்கிய மச்சு, அதற்கும் மேலே தட்டோடு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வைத்த தண்ணீரை ஊற்றி இடிப்பார்கள் என்று அப்பா சொல்லுவார். அந்த மச்சுக்குக் கீழே மே மாதம் மதியம் மூன்று மணிக்கு ஃபேனைப் போட்டுப் படுத்தால் போதும். தம்பி வீடு இதே தெருவில் கான்கிரீட், அங்கே ஏசி இல்லாமல் உட்கார முடியாது. ஒரே தெரு, ஒரே வெயில்.

இப்போது அப்படிக் கட்ட ஆளும் இல்லை, காசும் இல்லை. சரி. ஆனால் சுண்ணாம்பு அடிக்க முடியுமே! கல் சுண்ணாம்பை முதல் நாளே டிரம்மில் நீற்றிவிட வேண்டும். தண்ணீருக்குள் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லைக் குவித்து வைத்து அதன் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மறுநாள் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை சிமெண்டும் ஒட்டுப் பசையும் கலந்து, மாடியைக் கூட்டிக் கழுவி ஈரம் இருக்கும்போதே தென்னை மட்டை பிரஷ்ஷில் அடியுங்கள். ஒரு கை காய்ந்த பிறகு அடுத்த கை, மொத்தம் மூன்று. காலையில் வெயிலுக்கு முன் அல்லது மாலையில் செய்யுங்கள். மழைக்குக் கரையும், வருஷா வருஷம் பங்குனியில் அடிக்க வேண்டும். அது ஒன்றுதான் தொல்லை.

அப்புறம் அந்த மேற்கு ஜன்னல். திரையை உள்ளே போட்டுப் பிரயோஜனமில்லை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு உள்ளேதான் இருக்கும். மூங்கில் தட்டியை வெளிப்பக்கம் தொங்கவிடுங்கள்.

ஒத்தக்கடை எலக்ட்ரீஷியன் | 8 ஏப்ரல், மதியம் 1.40

மெக்கானிக் அண்ணன் சொன்னதில் ஒரு விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. நட்டைச் சரி செய்தால் பழைய ஏசி ஓடும், ஆனால் கரண்ட்டை எவ்வளவு தின்னும் என்று பார்க்க வேண்டாமா? 2013 மெஷின் என்றால் அநேகமாக இன்வெர்ட்டர் இல்லாதது. கம்ப்ரஸர் ஓடும்போது முழு வேகம், இல்லையென்றால் நிறுத்தம், நடுவில் எதுவும் கிடையாது.

புதுசின் மேல் ஒட்டியிருக்கும் பிஇஇ (மின் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பு) நட்சத்திரச் சீட்டில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். அது 1600 மணி நேரம் ஓடினால் ஆகும் கணக்கு. இரவுக்கு எட்டு மணி என்றால் 200 இரவு. இந்த 2025 சீட்டுப்படி ஒன்றரை டன்னில் ஐந்து நட்சத்திரம் 750 யூனிட்டை ஒட்டியும், மூன்று நட்சத்திரம் 950ஐ ஒட்டியும் வரும். வருஷத்துக்குச் சுமார் 200 யூனிட் வித்தியாசம். மதுரையில் பங்குனி தொடங்கி புரட்டாசி வரை ஏசி போடுகிற வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கட்டுப்படியாகும். ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டும் போடுகிறவர் மூன்று நட்சத்திரமே வாங்கலாம், கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும்.

நம் ஊர் பில்லில் இன்னொன்று. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே இருக்கும் படியும் மாறிவிடும். 490ல் நிற்கிற வீட்டுக்கும் 510ல் நிற்கிற வீட்டுக்கும் பில்லில் இருக்கும் வித்தியாசம் இருபது யூனிட்டின் விலை இல்லை. கூடல்நகர் அண்ணனுக்கு அந்த எல்லைக்குக் கீழே வருவதே பெரிய லாபம். 24 டிகிரியில் வையுங்கள், ஃபேனும் ஓடட்டும். 2020லிருந்து வரும் புது ஏசி எல்லாம் போட்டவுடன் 24ல்தான் தொடங்கும். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் மிச்சம் என்பது பிஇஇ சொல்லும் கணக்கு.

வயரிங்கைப் பார்த்தீர்களா? ஏசிக்கு எம்சிபியிலிருந்து (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) தனி லைன் வேண்டும், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், நல்ல எர்த். ஏசி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, பிளக்கின் வெள்ளை பிளாஸ்டிக் பின்னைச் சுற்றிப் பழுப்பாக இருந்தாலோ உடனே மாற்றுங்கள். போன வாரம்தான் ஒரு வீட்டில் பிடுங்கினேன், சாக்கெட்டுக்குள் ஒரு பின் உருகி ஒட்டிக்கொண்டு வரவில்லை. குழந்தைகள் படுக்கிற அறை.

உசிலம்பட்டி ஷீட்டு வீடு | 8 ஏப்ரல், இரவு 8.30

எங்கள் வீட்டில் ஏசி வாங்க வழியில்லை, சிமெண்ட் ஷீட் கூரை. இதையெல்லாம் படித்துவிட்டுக் கேட்கிறேன். ஏர்கூலர் வாங்கினால் பிரயோஜனம் உண்டா? சென்னையில் இருக்கும் அண்ணன் வேண்டாம் என்கிறார், அங்கே வாங்கி ஒரே கசகசப்பாம்.

செல்லூர் ஏசி மெக்கானிக் | 8 ஏப்ரல், இரவு 10.40

தங்கச்சி, அண்ணன் சொல்வது சென்னைக்குச் சரி, உசிலம்பட்டிக்குச் சரியில்லை. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துக்கொள்ளும், கூலர் வேலை செய்வது அதில்தான். கடல் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அங்கே தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. நம் பக்கம் கோடையில் காய்ந்த காற்று, நன்றாகக் குளிரும். ஐப்பசி மழை மாதம் வந்தால் எடுத்து வைத்துவிட வேண்டியதுதான்.

ஆனால் பல பேர் கூலரைத் தப்பாக வைக்கிறார்கள். கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நடு அறையில் வைத்தால் அரை மணியில் ஈரம் நிறைந்து புழுக்கம்தான். கூலரின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கட்டும், வெளிக்காற்றை இழுக்கட்டும். எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கூலரில் நனையும் பட்டையில் (பேடில்) வெள்ளையாகப் படிந்து காற்று அடைக்கும், மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவுங்கள். வாரம் ஒரு நாள் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காய விடுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டை வைக்கும்.

ஷீட்டுக்கு மேலே வெள்ளை பெயிண்ட் அடிக்கலாம். ஆனால் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடியுங்கள், ஷீட்டு மேல் ஏறி நிற்காதீர்கள்.

எலக்ட்ரீஷியன் தம்பிக்கு: கணக்கு சரிதான், மறுக்கவில்லை. புதுசு வாங்கட்டும். ஆனால் கத்திரிக்கு முன்னால் அவசரத்தில் வேண்டாம் என்கிறேன். ஏப்ரல் கடைசியில் மாட்டுகிற ஆள் ஒரு நாளைக்கு ஆறு வீடு போவார். குழாயிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்கும் பம்ப் போட மாட்டார், கேஸை ஊதியே குழாயிலிருக்கும் காற்றைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடுவார். புது மெஷினிலும் அதே ஃபிளேர்தான், அதே ஓட்டைதான் வரும். இப்போது புது மெஷினில் வரும் ஆர்32 கேஸ் தீப்பற்றக்கூடியது, அதை அப்படி ஊதுவதும் ஆபத்து.

கூடல்நகர் வாசி | 9 ஏப்ரல், காலை 6.15

அண்ணே, ஒரு கேள்வி. நட்டைச் சரி செய்யும்போது ஆர்22க்குப் பதில் இந்தப் புது கேஸையே ஏற்றிவிடலாமா? ஒருவர் அப்படிச் செய்து தருகிறேன் என்கிறார்.

செல்லூர் ஏசி மெக்கானிக் | 9 ஏப்ரல், காலை 6.40

கூடவே கூடாது. ஆர்410ஏ, ஆர்32 என்ற புது கேஸ் இரண்டுமே ஆர்22ஐவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்தத்தில் ஓடுபவை. உங்கள் கம்ப்ரஸரும் காயிலும் அதற்குச் செய்தவை இல்லை, ஆயிலும் வேறு. வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஆர்22 ஓசோனைக் கெடுப்பது, அதனால்தான் 2025 ஜனவரி 1 முதல் அதைப் போட்டுப் புது மெஷின் செய்யத் தடை. சர்வீசுக்கு இன்னும் கிடைக்கிறது. அதைக் காற்றில் திறந்துவிடாமல் செய்வதும் நம் பொறுப்பு. மீதி இருக்கும் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கலாம். மெஷினை ஓடவிட்டு, மெல்லிய குழாய் வால்வை ஆலன் கீ போட்டு மூடி, கேஜ் முள் இறங்கியதும் தடிமன் வால்வையும் மூடி உடனே ஆஃப் செய்வோம். அப்புறம் பழைய ஃபிளேரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக விரித்து, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, வாக்கும் போட்டு, எடை பார்த்து கேஸ் ஏற்றுவோம். உங்களிடம் வருபவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: நைட்ரஜன், வாக்கும் பம்ப், எடைத் தராசு. மூன்றும் இல்லாதவரைத் திருப்பி அனுப்புங்கள்.

ஒத்தக்கடை எலக்ட்ரீஷியன் | 9 ஏப்ரல், இரவு 9.30

சரிண்ணே, ஒத்துக்கொள்கிறேன். முதலில் கூரை, அப்புறம் நட்டு, புது மெஷின் மழைக்காலத்தில்.

இழையை ஒட்டி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஏசியைப் பார்க்கிறவர்கள் கீஸரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மதுரை போர் தண்ணீரின் உப்பு உள்ளே காயிலில் கல்லாகப் படியும். தண்ணீர் சூடாகும்போது கீஸருக்குள் பொரி வறுக்கிற சத்தம் கேட்டால் அந்தக் கல்தான். வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றித் துடைக்க வேண்டும். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், ஆனோடு என்போம். தொட்டியைக் காப்பாற்ற அது தன்னைக் கரைத்துக்கொள்ளும். போன மார்கழியில் ஒன்று கழற்றினேன், சுண்டு விரல் கனம் இருக்க வேண்டிய கம்பி, தீக்குச்சியாக வந்தது. அதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்துத் தொட்டிதான் ஓட்டையாகும். கீஸரின் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று சிலர் அதை மூடி போட்டு அடைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சூட்டை 50 டிகிரியில் வைத்தால் போதும். 27 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை 50க்குக் கொண்டுவர யூனிட்டில் பாதிகூட ஆகாது. நாள் முழுக்க ஆன் செய்து வைப்பதில்தான் வீணாகிறது.

கூடல்நகர் வாசி | 31 மே, இரவு 9.50

கத்திரி முடிந்ததும் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

ஏப்ரல் 13ஆம் தேதி காலை ஐந்தரைக்குத் தொடங்கி நானும் மகனும் சுண்ணாம்பு அடித்தோம். மறுநாள் சித்திரை ஒன்று, அன்று இரண்டாவது கை. அதற்கடுத்த நாள் மூன்றாவது. ஒத்தக்கடைத் தம்பி சூடு பார்க்கும் துப்பாக்கி மாதிரிக் கருவியை இரவல் கொடுத்திருந்தார். அடிப்பதற்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு உள்கூரை 41 டிகிரி. அடித்து முடித்த வாரம், அதே நேரம், வெயிலும் குறையாத நாள், 36. நம்பாமல் மூன்று நாள் பார்த்தேன், ஒரு டிகிரி முன்னே பின்னே அதேதான்.

மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே கட்டினேன். ஏப்ரல் 20க்கு ஆள் வந்தார், நைட்ரஜன், வாக்கும், தராசு மூன்றும் கொண்டுவந்திருந்தார். வெட்டி எடுத்த ஃபிளேரை என் கையில் கொடுத்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். மூன்று வருஷப் பணம் அதன் வழியாகப் போயிருக்கிறது. கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறதாம். கேஸ் ஏற்றிய பிறகு சோப்புத் தண்ணீர் வைத்து நானே பார்த்தேன், ஒரு குமிழ் இல்லை.

வெளி யூனிட்டுக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டு நிழலுக்கு ஒரு தகடும் போட்டேன். ஏசியின் டன் கணக்கே வெளியே 35 டிகிரி என்று வைத்து அளப்பதாம், 40 தாண்டுகிற ஊரில் வெயிலில் நின்றால் குளிர்ச்சி குறையத்தான் செய்யும் என்று அவர்தான் சொன்னார். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மகன் கழுவுகிறான்.

இப்போது பத்து மணிக்குப் போட்டு 25ல் வைக்கிறோம், இரண்டு மணிக்கு அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தால் விடியும் வரை ஃபேன் போதும். இந்த இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டுக்குள் நின்றுவிட்டது. புதுசு ஐப்பசியில் பார்த்துக்கொள்ளலாம், ஒரு டன் ஐந்து நட்சத்திரமே போதும் என்று நினைக்கிறேன்.

அம்மா மாடிக்கே திரும்பிவிட்டார். ஹாலில் விரித்திருந்த பாயைச் சுருட்டி வைத்தாயிற்று. உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்.

உசிலம்பட்டி ஷீட்டு வீடு | 1 ஜூன், காலை 7.10

அண்ணே, படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. நாங்கள் கூலர் வாங்கி ஜன்னலோரம் வைத்துவிட்டோம், பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள். அம்மா வீட்டு மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றிருக்கிறேன். உங்களுக்கு எத்தனை கிலோ பிடித்தது?

கூடல்நகர் வாசி | 1 ஜூன், காலை 8.00

எங்கள் மாடி ஐந்நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். மூன்று கைக்கும் சேர்த்து 25 கிலோ கல் சுண்ணாம்பு வாங்கினேன், கொஞ்சம் மிஞ்சியது. முதல் கை நீர்க்க இருக்கட்டும், தளம் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி போட மறந்துவிடாதீர்கள்.